ஸ்காட்லாந்து வம்சாவளியினரின் 'கிர்க்கிங் ஆஃப் த டார்ட்டன்' ஞாயிறு என்றால் என்ன? ஆராதனை முடிந்ததும் ஏன் விருந்து?

அமெரிக்காவில், ஸ்காட்லாந்து மரபிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் பிரிவான பிரஸ்பிட்டேரியன் சபைகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மரபு நாள் இது. கிர்க் என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம். டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் தங்கள் அடையாளமாகக் கொள்ளும் கட்டம்போட்ட கம்பளித் துணி. பேக்பைப் என்ற பையோடு கூடிய ஊதுகருவி முழங்க அந்தத் துணிகளைக் கொடிகளாக ஏந்தி வருவார்கள். போதகர் அந்தக் குடும்பங்களுக்காக ஜெபிப்பார். மற்றபடி பாட்டு, வேத வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் வழக்கமான ஞாயிறு ஆராதனைதான்.

அப்புறம் விருந்து. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸ் சேர்த்து வேகவைத்த ஹேகிஸ், மசித்த உருளைக்கிழங்கு, ஷார்ட்பிரெட் பிஸ்கட். என்னைக் கேட்டால் நாளின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்து இன்று வெறும் குடும்பப்பெயர். பெரியவர்களோடு ஒரே மேசையில் உட்காரும்போதுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை காதில் விழுகிறது. நெல்லைப் பக்கத்துச் சபைகளின் அசனத்தை, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் பொது விருந்தை, நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்: ஊரைவிட்டுப் போனவர்களையும் சேர்த்து உட்கார வைக்கிற சாப்பாடு.

இது ஸ்காட்லாந்தின் பழங்காலச் சடங்கு என்று பலர் நம்புகிறார்கள். 1746-ல் டார்ட்டன் உள்ளிட்ட ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடைக்குத் தடை வந்தது, 1782-ல் நீங்கியது, இது வரலாறு. ஆனால் அந்த நாட்களில் துணித்துண்டை ஒளித்துவைத்து ஆசி பெற்றார்கள் என்பது செவிவழிக் கதை. இந்த வழிபாட்டை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டனில் தொடங்கியவர், ஸ்காட்லாந்தில் பிறந்த போதகர் பீட்டர் மார்ஷல்.