பழைய பென்ஸ், பழைய பிஎம்டபிள்யூ: ஸ்கேனர் வாங்கலாமா?

வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 2003 பிஎம்டபிள்யூ 325ஐ (இ46). சூட்டு முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது. பட்டறைக்காரரோ இன்ஜின் அதிகம் சூடாகிறது என்கிறார். முப்பது ரிங்கிட் புளூடூத் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: கட்டாயம் பாருங்கள். இந்த மாடலின் முள் உள்ளபடி சூட்டைக் காட்டுவதில்லை. கூலண்ட் 75 டிகிரி வாக்கில் வந்ததும் நடுவில் போய் நின்றுவிடும். 115ஐ நெருங்கும்வரை அசையாது. அது நகரத் தொடங்கும் நேரத்தில் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிப்போகும் கட்டம் வந்திருக்கும். ஆகவே முள்ளை நம்பிப் பட்டறைக்காரரை மறுக்க வேண்டாம்.

ஸ்டீரிங் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் சிறு மூடி ஒன்று இருக்கும். திறந்தால் 16 முனை ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் காரின் கணினியோடு பேசும் இடம்). ஸ்கேனரைச் செருகி, கைப்பேசிச் செயலியில் கூலண்ட் வெப்பநிலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் இன்ஜினின் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 97 டிகிரியில் திறக்கும் வகை. சமதள நெடுஞ்சாலையில் 90க்கு மேல் நிலையாக நின்றால் சரி. 75, 80 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை நெரிசலில் 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் விசிறி, வாட்டர் பம்ப், பிளாஸ்டிக் கூலண்ட் தொட்டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 110 காட்டினால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்; ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது இஎல்எம்327 சில்லின் நகல். ‘2.1’ என்று போட்டு வருபவற்றில் பல கட்டளைகள் வேலை செய்யாது. இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை இவை எட்டாது. அதற்கு பிஎம்டபிள்யூவுக்கென்றே எழுதிய மென்பொருளும் அதற்குரிய கேபிளும் வேண்டும்.

கேள்வி: 2005 பென்ஸ் சி200 கொம்பிரசர். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. பட்டறையில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி கோடை அழித்தார்கள். ஒரே வாரத்தில் விளக்கு மறுபடி எரிகிறது. சொந்தமாக நல்ல ஸ்கேனர் வாங்கினால் பலன் உண்டா?
– பூச்சோங் வாசகர்

பதில்: உண்டு, கோடோடு நிறுத்திக்கொள்ளாமல் லைவ் டேட்டாவையும் (இன்ஜின் ஓடும்போதே வரும் அளவுகள்) படித்தால். பி0171 என்பது கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்ற பதிவு, அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவில்லை. சென்சாரை மாற்றியது வீண் செலவு.

இனி கோடை அழிக்காதீர்கள். அழித்தால் கோளாறு நேர்ந்த கணத்தில் பதிவான வேகம், சூடு, சுமை விவரமும், ஈசியூ (இன்ஜின் கணினி) கற்றுவைத்த ஃபியூல் டிரிம்மும் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) சேர்ந்தே போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏசியை அணைத்து, ஐடிலில் குறுங்கால டிரிம், நெடுங்கால டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடியுங்கள். ஐடிலில் 20, மிதித்ததும் 5 என்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, ஐடிலில் சுமாராக இருந்து சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறினால் காற்றளவு சென்சார் அழுக்காகியிருக்கலாம். அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ இருக்கலாம்.

இந்த எம்271 இன்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூப்பர்சார்ஜருக்குக் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஏற்றும் கருவி) கீழே ஓடும் பிரீதர் குழாய், அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் குழாய். எண்ணெயிலும் சூட்டிலும் ஊறி ரப்பர் தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் இருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் புகை விட்டுச் சோதிக்கும் பட்டறைக்குப் போங்கள்.

இன்னொன்று: ஹெட்டின் முன்பக்கம் உள்ள இரண்டு கேம் மேக்னட்டுகளின் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் மின்காந்தங்கள்) பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் மினுங்கினால் அது கம்பிக்குள்ளேயே ஊர்ந்து ஈசியூவரை போகக்கூடியது. மேக்னட்டை மாற்றி, எண்ணெய் மேலே ஊராதிருக்க மேக்னட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு சிறு இணைப்புக் கம்பியையும் போட்டுவிடுங்கள். காற்றளவு சென்சாரைச் சுத்தம் செய்வதானால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும். பிரேக் கிளீனர் அடித்தால் சென்சார் கெட்டுவிடும்.

கேள்வி: ஓபிடியில் செருகினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு சிறிய கருவி விற்கிறார்களே?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தவற்றில் விளக்கைச் சிமிட்டவைக்கும் சர்க்யூட் மட்டுமே இருந்தது; காரின் ஈசியூவோடு பேசும் பாகம் கிடையாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எரிபொருள் சேமிப்புக் கருவிகள் என்று விற்பனைக்கு வந்த 100க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பலன் தந்தது என ஒன்றைக்கூடக் காணவில்லை. அந்தப் பணத்தில் டயர்களுக்குக் காற்றளவு பார்க்கும் நல்ல மீட்டர் வாங்கலாம்.

கேள்வி: 2004 பென்ஸ் இ240. ஸ்கேனரும் டேஷ்கேமும் மாட்டியபடி பினாங்கு விமான நிலையத்தில் ஐந்து நாள் நிறுத்தினேன். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை.
– பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: ஓபிடி சாக்கெட்டின் 16ஆவது முனையில் சாவி இல்லாவிட்டாலும் மின்சாரம் இருக்கும். செருகியிருக்கும் ஸ்கேனர் சில கார்களில் கணினிகளைத் தூங்கவும் விடாது. டேஷ்கேமோடு சேர்த்து 300 மில்லியாம்ப் இழுத்தால் நாளுக்கு 7.2 ஆம்ப்ஹவர், ஐந்து நாளில் 36. வயதான பேட்டரி அதைத் தாங்காது. நிறுத்தும்போது ஸ்கேனரைக் கழற்றுங்கள். டேஷ்கேமுக்கு, 12.2 வோல்ட்டில் தானே துண்டித்துக்கொள்ளும் வயர் கிட் போடுங்கள்.

அப்புறமும் பேட்டரி இறங்கினால் டிசி (நேர்மின்னோட்டம்) அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பாருங்கள்; ஏசி (மாறுமின்னோட்டம்) மட்டும் அளப்பது உதவாது. காரின் பின்பெட்டியைத் (பூட்) திறந்து, அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரைப் பூட்டுங்கள். சாவியைத் தூரமாக வைத்து 40 நிமிடம் காத்திருந்து, பேட்டரிக் கம்பியில் கிளாம்பை மாட்டுங்கள். 50 மில்லியாம்புக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது எஸ்பிசி பிரேக் (கணினி இயக்கும் மின்பம்ப் பிரேக்) என்பதால் ஒரு எச்சரிக்கை. ஸ்கேனரால் எஸ்பிசியைச் செயலிழக்கச் செய்யாமல் பிரேக் பேடைக் கழற்றவே கூடாது. யாராவது கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ பம்ப் விழித்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளும்; விரல் நசுங்கிவிடும். ஸ்கேனர் வாங்கும்போது இந்த வசதி உங்கள் மாடலுக்கு உண்டா என்று, கடையிலேயே காரில் செருகிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.