ஐபோனில் ஒரு பொத்தான், ஆண்ட்ராய்டில் வேறு பொத்தானா?

கேள்வி: மாட்டுங்காவில் வீட்டிலேயே பொடி, முறுக்கு, தட்டை செய்து விற்றுப் பிழைக்கிறேன். ஆர்டர் எடுக்க ஒரு சிறு நிறுவனத்திடம் செயலி செய்து வாங்கினேன். என் ஆண்ட்ராய்டு போனில் பொத்தான்கள் ஒரு விதமாகவும் மகளின் ஐபோனில் வேறு விதமாகவும் இருக்கின்றன. இரவில் அவள் திறந்தால் சில எழுத்துகள் தெரிவதே இல்லை. மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கலாமா?
– வாசகி, மும்பை

பதில்: முதலில் சொன்னது குறையே அல்ல, இரண்டாவது நிச்சயமாகக் குறை.

ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் 2014இல் ‘மெட்டீரியல் டிசைன்’ என்ற வடிவமைப்பு முறையைக் கொண்டுவந்தது. ஆப்பிள் தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் வசதி ஆண்ட்ராய்டு போனிலேயே உண்டு. ஐபோனிலோ பெரும்பாலும் செயலிதான் மேலே இடது மூலையில் அம்புக்குறி காட்ட வேண்டும். இரண்டையும் அச்சாக ஒன்றுபோல் கேட்டால் யாராவது ஒரு பக்கத்து வாடிக்கையாளர் தவிப்பார். உங்கள் கடையின் நிறம், பொத்தானில் உள்ள சொற்கள், ஆர்டர் போகும் வரிசை ஆகியவை மட்டும் மாறவே கூடாது.

இரவில் எழுத்து மறைவதற்கு, 2019இல் ஐஓஎஸ் 13உடன் ஐபோனுக்கு வந்த இருள் தோற்றம் (டார்க் மோடு) காரணமாக இருக்கலாம். பின்னணி தானாகக் கறுப்பாகும்போது எழுத்தும் கறுப்பாகவே நின்றால் எப்படித் தெரியும்? உங்கள் போனிலும் இருள் தோற்றத்தைப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே கோளாறு இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போனில் எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். பொத்தானை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்திருந்தால் ‘கூடையில் சேர்க்கவும்’ பாதியில் வெட்டுப்படும், ‘கு’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழி காணாமல் போகும். உங்களிடம் பொடி வாங்கும் பாட்டிமார்கள் பெரிய எழுத்தில்தானே படிப்பார்கள்! தொடும் இடத்துக்கு, திரையை அளக்கும் தங்கள் அலகுகளில் ஆப்பிள் 44 (பாயின்ட்), கூகுள் 48 (டிபி) என்று குறைந்தபட்ச அளவே சொல்லியிருக்கின்றன. அதைவிடச் சிறிய பொத்தானை ஏற்காதீர்கள்.

பணம் பற்றி: எந்தக் கட்டத்தில் எவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு குறையையும் போன் திரையின் படத்தோடு (ஸ்கிரீன்ஷாட்) எழுதி அனுப்பி, சரிசெய்யத் தேதி கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று அந்த நிறுவனம் வாதிடலாம். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதிலிருந்து விலக்கு தருகிறது, அவரும் நுகர்வோரே. அந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மும்பையிலேயே வழக்குத் தொடுக்கலாம்.