அமெரிக்காவில் "ஆங்கிலம் மட்டும்" என்ற அரசு விதியை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயிக்க முடியுமா?

போடலாம், ஜெயிப்பதுதான் பெரும்பாடு. மொழி உரிமை என்று தனியாக ஒன்று அமெரிக்க அரசியலமைப்பில் கிடையாது. அதனால் வக்கீல்கள் இனப் பாகுபாடு, பேச்சுரிமை என்று வேறு எதையாவது பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குள் போக வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அலபாமாவின் சண்டோவல் வழக்கு. 1990-ல் அந்த மாநிலம் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது. அதுவரை பல மொழிகளில் நடந்துவந்த ஓட்டுநர் உரிமத் தேர்வை அதைக் காட்டி ஆங்கிலத்தில் மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். சாலைப் பாதுகாப்பு, பலகையைப் படிக்கத் தெரிய வேண்டாமா என்பது அரசின் வாதம். சரி, நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் அவருக்கு மட்டும் சலுகை உண்டு! அவர் பலகையை எப்படிப் படித்தாராம்?

மத்திய அரசின் நிதியை வாங்கும் யாரும் இனம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964 சிவில் உரிமைச் சட்டம். அதை வைத்துத்தான் சண்டோவல் என்ற பெண் போட்ட வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் ஜெயித்தது, 2001-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தோற்றது. இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த விதி சரியா தப்பா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்குத்தான் தனிநபர் வழக்குப் போடலாம், விளைவால் பாதிக்கப்பட்டேன் என்று மட்டும் சொல்லி வர முடியாது என்று முடித்துவிட்டார் நீதிபதி ஸ்காலியா. ஸ்பானியம் பேசுபவர்களை ஒதுக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று எந்த அதிகாரி கோப்பில் எழுதி வைக்கப்போகிறார்?

ஜெயித்த கதையும் உண்டு. அரிசோனா 1988-ல் கொண்டுவந்த கடுமையான ஆங்கில விதியை அந்த மாநில உச்ச நீதிமன்றமே 1998-ல் தூக்கி எறிந்தது. அங்கே பேச்சுரிமை கைகொடுத்தது. அப்புறம் 2006-ல் கொஞ்சம் மென்மையான ஒன்றை மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள், அது வேறு கதை. அலபாமாவிலோ தலைகீழ்: வழக்கில் ஜெயித்த பிறகும் அரசு பிற மொழிகளில் தேர்வு நடத்தியது, அதை நிறுத்தச் சொல்லி ஆங்கில ஆதரவாளர்கள் போட்ட வழக்கு 2007-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

2025 மார்ச்சில் டிரம்ப் ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்து, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு உதவச் சொல்லி 2000-ல் கிளிண்டன் போட்ட உத்தரவை ரத்து செய்துவிட்டார். 1964 சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நிதி கொடுக்கும் மத்தியத் துறையிடம் புகார் கொடுக்கலாம், ஆனால் அதன்மேல் நடவடிக்கை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தத் துறையின் கையில்தான்.