பையன் கேம் ஆடுறான், மூளை என்ன ஆகும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எட்டாவது படிக்கும் பையன். போனைப் பிடுங்கினால் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். கேம் மூளையைக் கெடுத்துவிட்டதா அக்கா? (ஒரு அம்மா, மதுரை)

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. எந்த நேரத்தில் பிடுங்கினீர்கள்? நாலு பேர் ஒரு அணியாக ஆடும் ஆன்லைன் கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. இவன் விலகினால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் வகுப்பில் திட்டு வாங்குவது இவன்தான்.

என்னிடம் வந்த ஒரு பையன், கையில் போன் இல்லாமலே இரண்டு கட்டைவிரலையும் மேசை விளிம்பில் ஓட்டிக்கொண்டே பேசினான். "கடைசி வட்டம்க்கா, அஞ்சு பேர்தான் மிச்சம். அம்மா வைஃபையை அணைச்சுட்டாங்க" என்றபோது அவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் நேரத்தில் பிடுங்கினால் யாருக்கும் கோபம்தான் வரும். "இன்னும் ஒரு மேட்ச், அப்புறம் போன் என் கையில்" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். மேட்ச் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் தயங்காமல் வாங்கி வையுங்கள். அப்போதும் தினம் இதே ரகளை என்றால், கடைசிப் பதிலைப் படியுங்கள்.

டோபமைன், போதை மருந்து மாதிரி என்கிறார்களே?

1998-இல் லண்டனில் எட்டு ஆண்களை டேங்க் ஓட்டும் கேம் ஆடவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது உண்மை. நன்றாக ஆடியவர்களுக்கு அதிகம் சுரந்தது. ஆனால் பிடித்த சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும்கூட அது சுரக்கும். 'கிடைக்கப்போகிறது' என்ற எதிர்பார்ப்பைத் தூண்டுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

எனக்குக் கவலை தருவது பரிசுப்பெட்டிதான். காசு கட்டித் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. எப்போதாவது நல்லது விழும். சூதாட்ட மெஷினிலும் இதே கணக்குதான். பெல்ஜியம் 2018-லேயே காசு கட்டித் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பிள்ளை ஆடும் கேமில் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் யுபிஐ பின் எண்ணை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நன்மையே கிடையாதா மேடம்?

உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2003-இல், கேம் பழக்கமில்லாதவர்களைத் தினம் ஒரு மணி நேரம், பத்து நாள் ஆக்‌ஷன் கேம் ஆடவைத்தார்கள். விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேம் ஆடியவர்களைவிட இவர்களுடைய பார்வைக் கவனம் கூடியது. பெர்லினில் 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதம் தினம் அரை மணி சூப்பர் மாரியோ 64 ஆடியவர்களுக்கு, இடத்தையும் வழியையும் நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சற்றுப் பருத்திருந்தது. அதற்காக, கேம் ஆடினால் கணக்கில் மார்க் ஏறும் என்று நம்பிவிடாதீர்கள்.

துப்பாக்கி கேம் ஆடினால் முரடனாகிவிடுவானா?

2019-இல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரிடம் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு என்றும், பெரிய வன்முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது. சின்னப் பிள்ளைகள் ராத்திரி பயந்து எழுவதை நானே பார்த்திருக்கிறேன். வயதுக்கு ஏற்றதைக் கொடுங்கள்.

நான் காலேஜ் இரண்டாம் வருடம். ராத்திரி மூணு மணி வரை ஆடுகிறேன். இரண்டு அரியர். நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை அக்கா.

தம்பி, மனதைத் திறந்து எழுதியிருக்கிறாய். நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேல் கேம், கெடுதல் தெரிந்தும் தொடர்வது: இந்த மூன்றும் வழக்கமாக ஒரு வருடம் நீடித்து, படிப்பையும் உறவுகளையும் பெரிதாகப் பாதித்தால் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகக் கணக்கிடுகிறது. 2022 முதல் அமலில் உள்ள வகைப்பாடு அது. எத்தனை மணி நேரம் என்ற கணக்கே அதில் இல்லை. உனக்கு அந்த நோய் இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடு, அது அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் கிளினிக் இருக்கிறது.

முதலில் தூக்கத்தைச் சரிசெய். படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். அரியருக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்று ராத்திரி சார்ஜரை ரூமுக்கு வெளியே வை, பன்னிரண்டுக்கு போனும் அங்கே போகட்டும். முதல் நாலைந்து நாள் எரிச்சலாக இருக்கும், தூக்கமும் உடனே வராது. ரெண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறாய் என்று எனக்கு எழுது.