மேடவாக்கம் நெரிசலுக்கு எந்தக் கார்?

வணக்கம் நண்பரே. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சிறுசேரிக்குத் தினமும் போய்வர 50 கிலோமீட்டர், ஓட்டவும் உற்சாகமாக இருக்க வேண்டும், மாருதியின் செலேரியோவா ஸ்விஃப்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்விஃப்ட்தான்.

மைலேஜை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 24 நாள் வேலை என்றால் 1,200 கிலோமீட்டர். நெரிசலில் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 16, செலேரியோ 19 கொடுத்தால்கூட வித்தியாசம் ஏறத்தாழ 12 லிட்டர்தான். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,200 ரூபாய். தினமும் இரண்டு வேளை உட்காரப்போகும் வண்டிக்கு அது பெரிய தொகை அல்ல. நிறுவனங்கள் சொல்லும் 24, 26 எல்லாம் சோதனைக்கூட எண்கள். மேடவாக்கம் சிக்னல் அவற்றை மதிக்காது.

ஸ்விஃப்டின் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் வளைவில் தரும் நம்பிக்கை செலேரியோவில் கிடைக்காது. ஆனால் 2024-இல் வந்த மாடலில் எஞ்சின் மூன்று சிலிண்டர். நின்றிருக்கும்போது லேசான அதிர்வு உண்டு. அது உங்களுக்கு உறுத்துமா என்று பாருங்கள். உறுத்தினால் நான்கு சிலிண்டர் ஹூண்டாய் ஐ10 நியோஸ் நல்ல மாற்று.

ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் கியர் தானாக மாறும் வகை, எடுத்தால் இடது காலுக்கு ஓய்வு. கியர் மாறும்போது சிறு தயக்கம் இருக்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் குறையும். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலி சாலையில் வைக்காதீர்கள். வேலை நாளில், மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள்.