டெய்ரி மில்க் சாப்பிடலாமா? சாக்லேட்டும் ஹலாலும்: கேள்வி பதில்

உணவுப் பொருள் பரிசோதனைத் துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர் ஒருவர், சாக்லேட் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே. பெட்டிக்கடையில் விற்கும் டெய்ரி மில்க்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? உறையில் சேர்மானப் பொருளின் குறியீட்டு எண் போட்டிருந்தாலே பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. (மேலப்பாளையம்)

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. தாராளமாகக் கொடுங்கள். இந்தியாவில் தயாராகும் டெய்ரி மில்க் உறையில் பச்சை வட்டம் இருக்கும். பால், தேன் போன்ற சிலவற்றைத் தவிர, விலங்கிலிருந்து வந்த எதைச் சேர்த்தாலும் அந்தக் குறியைப் போட நம் நாட்டுச் சட்டம் இடம் தராது. அதில் காணும் எண்கள் 442, 476. இரண்டும் சாக்லேட் குழம்பு இளகி ஓடுவதற்காகச் சேர்ப்பவை. 476 ஆமணக்கெண்ணெயிலிருந்து வருவது. பட்டியல்காரர்கள் அதிகம் பயமுறுத்தும் 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண் மட்டும் எதையும் சொல்லிவிடாது. அந்தப் பட்டியலை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆகுமானதை ஹராம் என்று பரப்புவதும் மறுமையில் பதில் சொல்ல வேண்டிய காரியம்தான்.

கேள்வி: அப்படியானால் பச்சை வட்டம் இருந்தாலே ஹலால்தானே? (திருச்சி)

பதில்: இல்லை. அது சைவக் குறி. மதுவைப் பற்றி அது பேசாது. ரம் நிரப்பிய சாக்லேட்டுக்கும் பச்சை வட்டம் கிடைக்கும். ரம், பிராந்தி, லிக்கர் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2014இல் எங்கள் நாட்டில் கேட்பரி சாக்லேட்டில் பன்றியின் டிஎன்ஏ இருப்பதாகச் சொன்னார்கள். இன்றுவரை மனம் ஒப்பவில்லை. (கிள்ளான், மலேசியா)

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது ஐயா. அந்த மே மாதத்தில் ஹேசல்நட், ரோஸ்ட் ஆல்மண்ட் ஆகிய இரண்டு வகைகளில் அதற்கான தடயம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. நிறுவனமும் அவற்றைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஹலால் சான்று தரும் மலேசிய அரசின் இஸ்லாமியத் துறையான ஜாகிம், தொழிற்சாலையிலிருந்தே நேரடியாக மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, பன்றியின் டிஎன்ஏ இல்லை என்று ஜூன் தொடக்கத்தில் அறிவித்தது. முதல் செய்தி ஊரெல்லாம் பரவியது, இரண்டாவது பாதி தூரம்கூடப் போகவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். மாதிரியை எங்கே, யார் கைப்பட எடுத்தார்கள் என்பதில்தான் பரிசோதனையின் நம்பகம் இருக்கிறது. ஜாகிம் முத்திரை உள்ளதை மனநிறைவோடு சாப்பிடுங்கள்.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகன், மார்ஸ் பாரில் கன்றுக்குட்டியின் வயிற்றுச் சாறு சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தொடாமல் இருக்கிறான். உண்மையா? நாங்கள் ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை)ப் பின்பற்றுகிறோம். (காயல்பட்டினம்)

பதில்: அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. 2007 மே மாதத்தில் பிரிட்டனில் மார்ஸ், ஸ்னிக்கர்ஸ் போன்றவற்றுக்கு ரென்னட் கொண்டு பாலைத் திரித்து எடுத்த வே (whey) என்னும் தெளிநீரின் பொடியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. ரென்னட் என்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரிக்கப் பயன்படுத்தும் நொதி. சைவ உணவுக்காரர்கள் கொதித்தெழுந்ததும், அதே மாதத்தில் முடிவைக் கைவிட்டார்கள்.

கன்றை முறைப்படி அறுக்காவிட்டால் அந்த நொதி நஜீஸ் (அசுத்தம்) என்பது ஷாஃபி நிலைப்பாடு. இமாம் அபூ ஹனீஃபா அதைச் சுத்தமானது என்கிறார். ஆகவே அவருடைய ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ராவுத்தர் வீட்டுப் பையன் ஒருவன் தயங்காமல் சாப்பிடுவதைப் பார்த்தால் உங்கள் மகன் அவனைக் குறை சொல்ல வேண்டாம். பிரிட்டன் சாக்லேட்டுகள் பலவற்றில் ஹலால் சான்று இருக்காது. அங்கே விற்கும் டெய்ரி மில்க்கிலும் இல்லை. ஆனால் சைவம் என்ற குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பும் இருந்து, மதுவும் சேராதிருந்தால் சாப்பிடலாம் என்பது என் கருத்து. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோப்ளரோன் சாக்லேட்டுக்கு ஹலால் சான்று கிடைத்தபோது செய்முறையை மாற்றினார்களா? (சிங்கப்பூர்)

பதில்: இல்லை. 2018இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தொழிற்சாலை சான்று பெற்றது. செய்முறை பழையதேதான்.

கேள்வி: மச்சான் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பல வகைச் சாக்லேட்டுகள். ஒன்றில் மட்டும் மார்ஷ்மெல்லோ, அதில் ஜெலட்டின் என்று போட்டிருக்கிறது. முழுப் பெட்டியையும் கொட்டிவிடவா? (கீழக்கரை)

பதில்: கொட்ட வேண்டாம். ஐரோப்பாவில் உணவுக்கான ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்து வருகிறது. எதிலிருந்து எடுத்தது என்று எழுதாதபோது அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருந்தால், மற்றவற்றின் பட்டியலைப் படித்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மச்சானிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.