காவல் நிலையத்துக்குக் கணினி வாங்கித் தருவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வணிகர் சங்கம் சார்பில் எங்கள் காவல் நிலையத்துக்குச் சுமார் 3 லட்சம் ரூபாயில் நவீன கணினி வசதி செய்துதர நினைக்கிறோம். இப்போது அங்கே இரண்டு கணினிகள் உண்டு. மின்வெட்டு, இணையத் தடங்கல் என்று பாதி நேரம் சும்மா கிடக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் ஆன்லைனில் வர மூன்று நாள் ஆகிறது. புதிதாக நான்கு கணினிகள் வாங்கித் தரலாமா? (வணிகர் சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: வேண்டாம். இருக்கிற இரண்டே பாதி நேரம் ஓடவில்லை என்றால், நான்கு சேர்ந்த பிறகு ஆறும் அப்படித்தான் கிடக்கும். அங்கே குறை கணினியில் இல்லை. அதற்குப் போகும் மின்சாரத்திலும் அதிலிருந்து வெளியே போகும் லைனிலும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: எஃப்.ஐ.ஆர். பதிவாகும் சி.சி.டி.என்.எஸ். (நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் கணினிக் கட்டமைப்பு) காவல்துறையின் மூடிய வலையமைப்பில் ஓடுகிறது. கடையில் வாங்கிய கணினியை நேராக அதில் செருகிவிட முடியாது.

நீங்கள் சொல்லும் மூன்று நாளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. இணைப்புச் சிக்கல் இருந்தால் 48 மணி நேரம், அமைவிடம் காரணமாக இணைப்பே கடினம் என்றால் அதிகபட்சம் 72 மணி நேரம். உங்கள் ஊர் அந்தக் கடைசி எல்லையில் நிற்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக ஜூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்பேசியில் 1080 தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 எம்.பி. ஆகும். பத்து நிமிடப் பதிவை 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஏற்ற இரண்டேகால் மணி நேரம் ஆகும்; 10 எம்.பி.பி.எஸ். கிடைத்தால் பதினாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டேகால் மணி நேரத்துக்குள் கரண்ட் ஒரு தடவை போனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே தொகையில் பாதியை மின்சாரத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு கணினிக்கு 200 வாட், எட்டு கண்காணிப்புக் கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து 100, ரூட்டர், ஃபைபர் பெட்டிக்கு 20, இங்க் டேங்க் பிரிண்டருக்கு 20, ஆக மொத்தம் 340 வாட். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் கைக்கு வருவது 1,530 வாட்-மணி. நாலரை மணி நேரம் தாங்கும். கூரையில் 1 கிலோவாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். கேமராக்கள் நாள் முழுக்க ஓட 2.4 யூனிட் போதும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பல மாடல்களில் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் குறித்திருப்பார்கள். நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் அந்த நொடித்துண்டில் விளக்கு அணையாது, ஆனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பாதி தட்டிய புகார் போய்விடும். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் அது நிற்கும். ஆனால் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்குத் தாவிவிடும். மாலையில் 170 வோல்ட் வரும் ஊரில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோவது இதனால்தான். பேட்டரிக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும்.

லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகும் கணத்தில் 800 வாட்டுக்கு மேல் இழுத்து எல்லாவற்றையும் டிரிப் செய்துவிடும். ராத்திரி பிரிண்டுக்கு இங்க் டேங்க் பிரிண்டர் போதும். கறுப்பு மை 'பிக்மென்ட்' வகையா என்று கேட்டு வாங்குங்கள். 'டை' மையில் அடித்த எஃப்.ஐ.ஆர். மேல் ஈரக்கை பட்டால் எழுத்து கரையும். கோர்ட்டுக்குப் போகிற காகிதம் அது.

அடுத்து எர்த். காவல் நிலையம் என்றாலே மைக்குக்கான (வயர்லெஸ்) ஆன்டெனா கம்பம் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் இடியை இழுக்கிற உயரமான இரும்பு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கம்பத்தின் எர்த் குழியும் கட்டடத்தின் எர்த் குழியும் தனித்தனியாகக் கிடந்தால், இடி விழும்போது இரண்டுக்கும் இடையே ஏறும் வோல்ட்டேஜ் கணினி வழியாகப் பாயும். இரண்டையும் தடித்த செம்புப் பட்டையால் பூமிக்கடியில் இணைக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். கேமரா வயரையோ லேன் கேபிளையோ அந்தக் கம்பத்தோடு சேர்த்துக் கட்ட விடாதீர்கள். ஃபைபருக்கு இடி பயமில்லை என்று சொல்வார்கள். கண்ணாடி இழைக்குப் பயமில்லைதான், ஆனால் கம்பத்திலிருந்து கட்டடத்துக்கு வரும் அந்த டிராப் கேபிளோடு ஓடிவரும் தாங்குகம்பி பெரும்பாலும் இரும்பு. அதைச் சுவருக்கு வெளியே கொக்கியிலேயே நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

இணைப்பு விஷயத்தில் சங்கம் செய்யக்கூடியது விண்ணப்பமும் வழியமைத்துத் தருவதும்தான். டான்ஃபிநெட் (தமிழக அரசின் ஃபைபர் நிறுவனம்) வழியாகப் பாரத்நெட் என்ற கிராம இணையத் திட்டத்தின் ஃபைபர் உங்கள் பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அங்கிருந்து நிலையம் வரை குழாய் பதிக்கும் செலவை ஏற்கலாம். மாற்று வழியாக 4ஜி ரூட்டர், துறையின் வி.பி.என். (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும். ரைட்டர் (நிலையத்தின் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) தன் செல்பேசி ஹாட்ஸ்பாட்டை சி.சி.டி.என்.எஸ். கணினியில் இணைப்பது மூடிய வீட்டில் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதுதான். சிக்னல் குறைந்த இடத்தில் மாடியில் ஆன்டெனா வைத்து 10 மீட்டர் மெல்லிய கேபிளை இறக்கினால் 8 முதல் 10 டெசிபல் கேபிளிலேயே கரைந்துவிடும். ஆன்டெனா வைத்த பயனே போய்விடும். ரூட்டரும் ஆன்டெனாவும் ஒன்றாக இருக்கும் வெளிப்புறப் பெட்டியை மாடியில் வைத்து, கீழே லேன் கேபிளை இறக்குங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது.

கேமராவில்தான் நன்கொடையாளர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நிலையத்தில் ஒலியோடு கூடிய பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், சந்தையில் அந்த அளவு கருவி இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவு. லாக்கப், வரவேற்பு, தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நுழைவாயில், பின்பக்கம் எதுவும் விடுபடக்கூடாது. 'எட்டு கேமரா, 2 டி.பி.' என்று பேக்கேஜாகக் கொடுப்பதைக் கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ்.ஸில் ஓட்டினால் ஒரு நாளைக்கு 173 ஜி.பி.; பன்னிரண்டாம் நாளிலேயே முதல் நாள் பதிவு அழியத் தொடங்கிவிடும். அடித்ததாகவோ அடிக்கவில்லை என்றோ புகார் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 1 எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறைத்தால்கூட ஒலியோடு வருடத்துக்கு சுமார் 34 டி.பி. ஆகும், 10 டி.பி. கண்காணிப்பு வட்டு நான்கு வேண்டும். 18 மாதத்துக்கு ஆறு. கேமரா எண்ணிக்கையைப் பெருக்குவதை விட வட்டுக்குச் செலவிடுங்கள்.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. தட்டச்சு எந்திர வழக்கில் பழகிய ரைட்டர்கள் பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டினால், அடுத்த கணினியில் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். அப்படித் தட்டிய பெயர் தேடலிலும் சிக்காது. யூனிகோடு விசைப்பலகை மென்பொருளில் தட்டச்சு எந்திர அமைப்பும் கிடைக்கும், தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை அமைப்பைக் கற்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. 'முத்துக்குமார்', 'முத்து குமார்', 'எம்.குமார்' மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். அதனால் தகப்பனார் பெயரும் ஊரும் எப்போதும் தனிக் கட்டத்தில் முழுமையாக ஏற வேண்டும். இரண்டு நாள் பயிற்சிக்கு ஆள் அனுப்பித் தாருங்கள்.

எதை வாங்கும் முன்னும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பட்டியலோடு கடிதம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறாத பொருள் பழுதானால் யாரும் தொடமாட்டார்கள். நாளை உங்கள் உறுப்பினர் ஒருவர் வழக்கில் சிக்கினால், கொடுத்தது பொதுவில் தெரிந்த நன்கொடையாக இருப்பது சங்கத்துக்கும் நிலையத்துக்கும் நல்லது. ஒப்படைக்கும் அன்று மாலை ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். பதினொரு மணி வரை கணினியும் கேமராவும் லைனும் நிற்காமல் ஓடி, ஒரு சோதனைப் பிரிண்டும் வந்தால் மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.